திறந்து கிடந்த நகல்

தார்சிலேனியைப் பற்றி அவள் கணவன் வல்தெனோரிடம் கேட்டால், முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். கேஸ் அடுப்பை அணைத்ததும் அதன் திருகுகளை போனில் படம் எடுத்துக்கொள்வாள். வேலைக்குப் போன இடத்தில் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டுமே. வல்தெனோர் மராஜோ தீவுக்குப் போகும் படகில் இன்ஜின் பார்க்கிறவன். நடு ஆற்றில் இன்ஜின் நின்றுபோனாலும் அவனுக்கு வேர்க்காது. "வீட்டுப் பயத்தையெல்லாம் மொத்தமா இவளே குத்தகைக்கு எடுத்துட்டா. எனக்குன்னு ஒரு துளி மிச்சம் வைக்கல," என்பான்.

அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. பெலேம் நகரின் குவாமா பகுதியில் அவள் பெற்றோர் குடியிருந்த ஓட்டு வீட்டில், அம்மா துணி துவைக்கப் போயிருந்த ஒரு பகல் நேரம், சிறுமியாக இருந்த தார்சிலேனி தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். மேலே ஓடு நகரும் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்து நிமிர்ந்தாள். இரண்டு கால்கள் தொங்கின. அழுக்கான, விரல் விரிந்த கால்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் புகுந்துகொண்டு, உள்ளே இறங்கிய திருடர்கள் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள்ளும் ஆள் வரலாம் என்பதை அவ்வளவு சின்ன வயதில் தெரிந்துகொண்டவள் பிறகு எப்படி நிம்மதியாக இருப்பாள்?

வளர்ந்து, கணினி படித்து, ஒரு வங்கியின் சர்வர் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெலேம் ஊரே வெக்கையில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். அந்த அறையில் அவ்வளவு குளிர். சில வருஷங்களில் அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது. அதாவது சாவோ பாவ்லோ பக்கம் யாரோ ஒரு பெரிய நிறுவனம் வைத்திருக்கும் கட்டடத்தில், வாடகைக்கு எடுத்த இடத்துக்கு. தார்சிலேனியும் வேறு வேலை தேடி, தோனா எர்மீனியாவின் வாசனை எண்ணெய்க் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கடை என்று பெயரே தவிர, வாசலில் நின்று வாங்குகிற கடை இல்லை. எர்மீனியா தன் வீட்டு அடுப்பில் அந்திரோபா மரக் கொட்டை எண்ணெய் காய்ச்சிச் சோப்பு போட்டு ஆரம்பித்தவள். இப்போது நாடு முழுக்க ஆட்கள் போனிலேயே சோப்பும் தலைக்கு எண்ணெயும் சென்ட்டும் வாங்கினார்கள். உமரிசால் பகுதியில் மாடி வீடு. மேலே எர்மீனியா குடியிருந்தாள், கீழே அலுவலகம். வாங்கியவர்களின் பெயர், வீடு, போன் நம்பர், என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் அந்த வாடகை சர்வரில் இருந்தன. அதைக் காப்பது தார்சிலேனியின் வேலை. மாதம் ஒருமுறை எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி உயிரை வாங்குவாள். யார் எந்த நேரத்தில் உள்ளே வந்தாலும் அவள் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தாள்.

வாடிக்கையாளர்களிடம் பேசுகிற ஜுராந்திர் அவளை விடமாட்டான். சாயங்கால மழை பிடிக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் போய், "மானா, உன் மேகம் ஒழுகுது பாரு. வாளி வைக்கவா?" என்பான். பெண்களை அக்கா, தங்கை மாதிரி 'மானா' என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். அந்த ஊரில் சாயங்காலம் மழை பெய்யாத நாளே கிடையாது. அவனும் ஒருநாள் விட்டதில்லை.

மாதாவுக்கு எடுக்கிற சிரியோ திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். வருஷ வியாபாரத்தில் பாதி அந்தச் சில வாரங்களில்தான். ஜுராந்திர் போனைக் காதிலிருந்து எடுக்க நேரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் அவன் எழுந்து தார்சிலேனியின் மேசைக்கு வந்தபோது முகத்தில் எப்போதும் இருக்கும் குறும்பைக் காணோம்.

"மானா, ஒரு பொம்பள லைன்ல இருக்காங்க. சோப்பு வந்து சேரலைன்னு நெனச்சேன். இது வேற. நீயே பேசு."

தார்சிலேனி வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் குரல் மிகத் தாழ்ந்து வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல.

"நீங்க என் அட்ரஸ யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"நாங்க யாருக்கும் குடுக்க மாட்டோம் மானா. என்ன ஆச்சு?"

"என் பேரு எதிவானி. இகோராசில இருக்கேன். இங்க வந்ததுலேருந்து யாருக்கும் அட்ரஸ் குடுக்கல. எங்கம்மாவுக்குக்கூட குடுக்கல. உங்களுக்கு மட்டும்தான் குடுத்தேன். சோப்பு வாங்கினேன்ல, அதுக்காக."

"சரி..."

"என் புருஷன் வந்துட்டான். ஓசியெல். எதுக்கால இளநீர் வண்டிகிட்ட உக்காந்திருக்கான். நேத்தும் உக்காந்திருந்தான்."

"உங்கள ஏதாவது பண்ணினானா?"

"ஒண்ணும் பண்ணல. ஜன்னல்ல நான் தெரிஞ்சா கைய ஆட்டுறான்." ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. "நான் வைக்கிறேன்," என்றாள். இணைப்பு அறுந்தது.

தார்சிலேனிக்கு முதலில் தோன்றியது, இது நம்மால் இருக்காது என்பதுதான். அவள் வைத்த மணி எதுவும் அடிக்கவில்லையே. உட்கார்ந்து சர்வரை ஆதியிலிருந்து அலசினாள். யார் எப்போது வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த நிமிடம், சாய்ந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆகஸ்டில் பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் கடையை மாற்றினாள். மாற்றுவதற்காக வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் ஒரு நகல் எடுத்து, கிளவுடிலேயே தனியாக ஓர் இடத்தில் வைத்தாள். புது சர்வர் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தது. எத்தனையோ வழியில் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டாள். ஒரு அரை மணி நேரத்துக்குத்தான், முடிந்ததும் மூடிவிடலாம் என்று. அந்த நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது: மகள் தைனாவுக்குக் காய்ச்சல், வாந்தி எடுக்கிறாள். ஓடினாள். மறுநாள் வந்து பார்த்தபோது புது சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் மூடியதாக நினைவில்லை. மூடவில்லை என்றும் நினைவில்லை. அடுப்பைப் படம் எடுத்துக்கொள்கிறவள் இதைப் படம் எடுக்கவில்லை.

அந்த இடத்தின் முகவரியை, கடையோடு சம்பந்தமில்லாத தன் சொந்த போனில் தட்டினாள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் திறந்தது. மொத்த நகலும் அப்படியே கிடந்தது.

அவள் மணி வைத்ததெல்லாம் சர்வருக்கு. இந்த இடத்துக்கு எந்த மணியும் இல்லை. முதலில் அதை மூடினாள். தப்புத் தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினாள். பிறகு அங்கே வந்துபோனவர்களின் பதிவைத் திறந்தாள். பெயர் மட்டுமே கேள்விப்பட்ட நாடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆட்கள்கூட இல்லை, பெரும்பாலும் இயந்திரங்கள். இணையம் முழுக்க அலைந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கிறவை. பல இயந்திரங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. ஒன்று மட்டும் நின்று நிதானமாக முழு நகலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"ஜுராந்திர்," என்று கூப்பிட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு தன் போனை எடுத்தான். "ஆளோட பேரப் போட்டா அட்ரஸ் தர்ற குரூப் ஒண்ணு இருக்கு. எங்க சித்தப்பா மகன் காமிச்சான். இரு, என் பேரப் போட்டுப் பாக்குறேன்." போட்டான். பதில் வந்தது. அவன் வாய் திறந்தபடி நின்றது. "எக்வா! என் வீடு, என் நம்பர்... ஜூலைல எங்க மாமியாருக்கு வாங்கினேனே நரைக்குத் தடவுற எண்ணெய், அதுகூட வருது மானா. நம்ம கடைப் பேரோட."

வேறு சமயமாக இருந்தால் அவனே அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பான்.

ஆக, ஓசியெல் பெரிய கணினிப் புலி இல்லை. எவனோ திருடி எங்கோ கொட்டியதில் இவன் ஒரு பெயரைத் தட்டினான், அவ்வளவுதான். தார்சிலேனிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இதே மாதிரி யார் யார் எந்தெந்தப் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களோ. நகலில் எத்தனை ஆயிரம் பெயர்கள்!

அந்தச் சாயங்காலம் இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. பதிவை அழித்துவிட்டால், நகல் திறந்து கிடந்ததற்கு அடையாளமே இருக்காது. இந்தப் பதிவையெல்லாம் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்தி. அழிப்பதற்கான இடத்தில் போய் நின்றாள். தைனாவின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, இந்த வயதில் மறுபடி வேலை தேடி அலைவது, எல்லாம் கண்முன் வந்தன. பக்கத்து மேசையில் யாரோ தும்மினார்கள். திடுக்கிட்டுத் திரையை மூடிவிட்டு, மேலே மாடிக்கு ஏறினாள்.

எர்மீனியா சமையலறையில் இருந்தாள். திருவிழாவுக்காக மரவள்ளி இலையில் செய்யும் மனிசோபா பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த இலையை நாள்கணக்கில் வேகவைத்தால்தான் விஷம் போகும். கரண்டியால் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் கரண்டி நின்றது.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஜுராந்திருக்கும்."

"அப்ப ரெண்டு பேரோட நிக்கட்டும்."

"தோனா எர்மீனியா, சட்டப்படி நாம சொல்லியாகணும். வாங்கினவங்களுக்கும் சொல்லணும், அரசாங்கத்துக்கும் சொல்லணும்."

"சொல்லலாம், யாரு வேணாம்னது? சிரியோ முடியட்டும். இப்பப் போயி 'உங்க அட்ரஸ் எல்லாம் தெருவுல கெடக்கு'ன்னு எழுதினா ஒருத்தன் வாங்குவானா? கீழ பொட்டலம் போடுற பொண்ணுங்களுக்கு நான் எதக் குடுக்குறது?"

"அந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு என் கட எப்படிடீ பொறுப்பாகும்?" என்று கத்தியவள், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த அடுப்புலதான் தார்சி மொதல் சோப்பு போட்டேன். கையெல்லாம் வெந்துபோயி... நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நெனைக்கல. நீ! பூட்டு பூட்டுன்னு எங்கள அழவிட்டவ!"

தார்சிலேனி படியிறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் அசாயிப் பழக் கூழும் பொரித்த மீனும் தட்டில் அப்படியே இருந்தன. வல்தெனோர் கேலி செய்ய வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எல்லாம் கேட்டபின், "நீ அங்க போகாத. அவன் எப்படிப்பட்டவன்னு யாருக்குத் தெரியும்? போலீசுக்குச் சொல்லு, போதும்," என்றான். அவன் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. அது அவளை இன்னும் கலக்கியது.

காலையில் எதிவானிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து அடங்கியது. பிறகு போட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. தார்சிலேனி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நானும் வர்றேன். தனியா போயி நீ அங்க மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்குறது?" என்று ஜுராந்திர் தன் பழைய காரை எடுத்தான்.

ஊர் ஓரத்திலிருக்கும் இகோராசிக்குப் போகும் வழியில் அவன் வானொலியைப் போட்டான், அவள் அணைத்தாள். எதிவானி இருந்தது ஆற்றங்கரையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே, மண்பானைகளுக்குக் கோலம் வரைகிற பட்டறை ஒன்றின் பின்கட்டில். வாசலில் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. எதிரே இளநீர் வண்டி. வண்டிப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வழித்துச் சீவிய தலை. தேவாலயத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான்.

காரை விட்டு இறங்கியதும் அவன் எழுந்து இவர்கள் பக்கம் வந்தான். தார்சிலேனி கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவன் பார்த்தது அவளை இல்லை, ஜுராந்திரின் சட்டையை. அவசரத்தில் ஜுராந்திர் கடைப் பெயர் அச்சடித்த சட்டையோடு வந்திருந்தான்.

"சோப்புக் கடையா?" என்றான் ஓசியெல். சிரித்த முகம், நல்ல மரியாதையான குரல். "ரொம்ப சந்தோஷம். உங்க கட ரொம்ப ஒழுங்கு. அட்ரஸ் ஒரு எழுத்து தப்பில்ல."

ஜுராந்திர் சட்டையில் இருந்த கடைப் பெயரைக் கையால் மறைத்தான்.

"அந்திரோபா சோப்பு ரெண்டு. அப்புறம் ஒரு சின்ன பாட்டில் சென்ட்டு." அவன் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "சோப்பு சரி. சென்ட்டு யாருக்காகன்னுதான் ரெண்டு மூணு நாளா யோசிச்சிட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

தார்சிலேனி, தான் இத்தனை வருஷம் எழுத்தும் எண்ணுமாகப் பார்த்துவந்த ஒரு வரி, ஒருவன் வாயிலிருந்து வருவதை அன்றுதான் கேட்டாள். "தெரியாது," என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டு, ஜுராந்திரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள். பின்னால், "நான் இங்கதான் இருக்கேன்னு அவகிட்ட சொல்லுங்க!" என்று அன்பாகக் கூவினான் அவன்.

உள்ளே கோலம் வரைந்துகொண்டிருந்த பெண்கள் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பின்கட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தார்சிலேனி தட்டி, தான் யாரென்று சொல்லி, நேற்றுப் பேசியவள் என்று சொன்ன பிறகுதான் திறந்தது. சின்ன உருவம், கையெல்லாம் செம்மண் சாயம். அறையில் கட்டில், ஒரு மின்விசிறி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்திருந்தாள். அலமாரியின் மேல் தார்சிலேனிக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சின்ன பாட்டில் இருந்தது, முத்திரைகூடப் பிரிக்காமல்.

"போன ஏன் அணைச்சு வச்சீங்க? நாங்க பயந்துட்டோம்."

"விடியறதுலேருந்து அவன்தான் அடிக்கிறான். நம்பரும் கெடச்சிருச்சு போல."

தார்சிலேனி வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். எதுவும் வரவில்லை. "எங்ககிட்டேருந்துதான் போச்சு," என்றாள். "கடைல வேற யாரும் இல்ல. நான்தான். ஒரு நகல் எடுத்துத் திறந்து வச்சுட்டு, மூட மறந்துட்டேன்."

எதிவானி அவளையே பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்றுகூட தார்சிலேனி எதிர்பார்த்தாள்.

"வேற என்ன போச்சு?" என்றாள் எதிவானி. "எங்கம்மா பேரு இருக்கா அதுல? பட்டறைப் பேரு?"

"அம்மா பேரு இல்ல. பட்டறை... அட்ரஸ்ல 'பட்டறைக்குப் பின்னாடி'ன்னு நீங்க எழுதியிருக்கீங்க."

"ஆமா. எழுதினேன். பொட்டலம் கொண்டுவர்றவன் வழி தெரியாம திரும்பிப் போயிரக் கூடாதேன்னு." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "மண்ணுல வேல செஞ்சு கையெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. ஒரு சோப்பு வாங்கினேன். ஒரு சோப்பு." அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. தார்சிலேனி அவளைத் தொடப் போய், தொட உரிமையில்லை என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே இளநீர்க்காரனோடு ஓசியெல் பேசிச் சிரிப்பது கேட்டது. "பெண்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றான் ஜுராந்திர். எதிவானி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவனோடு கஸ்தான்யால் ஊரில் இருந்தபோது ஒருமுறை போயிருக்கிறாளாம். எழுதிக்கொண்டார்களாம். அன்று வீட்டுக்குத் திரும்பியபின் நடந்ததை அவள் சொல்லவில்லை. இடது முழங்கை நேராக நீளாமல் இருந்ததைப் பார்த்தால் போதும்.

"இந்தத் தடவ சாட்சி இருக்கு," என்றாள் தார்சிலேனி. "அவன் எங்ககிட்டப் பேசினான். நீங்க என்ன வாங்கினீங்கன்னு சொன்னான். அது எப்படிக் கெடச்சுதுன்னு நான் சொல்றேன்."

எதிவானி ஒரு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பட்டறையிலிருந்து கார் வரை சில எட்டுகள்தான். பட்டறைப் பெண்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, ஈரக் களிமண் கையோடு எதிவானியைச் சூழ்ந்துகொண்டு நடந்தார்கள். ஓசியெல் எழுந்தான். சிரிப்பு போய்விட்டது. "எதிவானி! எங்க போற? நான் பேசத்தானே வந்தேன்!" என்று பாய்ந்து வந்தான். ஒரு பருத்த பெண்மணி குறுக்கே வந்து, "வாடா, என்கிட்டப் பேசு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்," என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அவன் அவளைத் தள்ளினான். காய்ந்துகொண்டிருந்த பானை ஒன்று உருண்டு உடைந்தது. அதற்குள் ஜுராந்திர் காரைக் கிளப்பிவிட்டான். கார்க் கண்ணாடியில் ஓசியெலின் உள்ளங்கை வந்து அறைந்த சத்தம் மட்டும் கேட்டது. பின்னிருக்கையில் எதிவானி குனிந்து தலையை மடியில் புதைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் தார்சிலேனியும் அதேபோலக் குனிந்திருந்தாள் என்று ஜுராந்திர் பிற்பாடு சொன்னான்.

ஸ்டேஷனில் இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "இவங்க அட்ரஸ் அவனுக்கு எப்படிக் கெடச்சுதுன்னு நீங்க சொல்றது எழுத்துல இருந்தா நல்லது," என்றாள் தார்சிலேனியிடம். "தற்செயலா வந்தேன்னு அவன் சொல்லுவான். தேடிப் பிடிச்சு வந்தான்னு காட்டணும். உங்க கடைப் பேரு, நீங்க செஞ்சது, எல்லாம் வரணும். எழுதிக் குடுப்பீங்களா?"

மாடியில் கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது தார்சிலேனிக்கு நினைவு வந்தது. ஜுராந்திர் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பயம் போய்த் துணிச்சல் வந்தது என்று சொன்னால் அது பொய். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை கைநழுவி விழுந்தது. அதிகாரி எடுத்துக் கொடுத்தாள். தார்சிலேனியின் கையெழுத்து அடையாள அட்டையில் இருப்பது மாதிரியே இல்லை என்று, வேறொரு தாளில் மறுபடி போடச் சொன்னார்கள்.

அன்றைக்கே நீதிபதியிடமிருந்து உத்தரவு கிடைத்தது: ஓசியெல் அவள் பக்கம் நெருங்கக் கூடாது. அவனைக் கூப்பிட்டு விசாரித்து, கஸ்தான்யாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எதிவானியை அதிகாரிகள் வேறிடத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கே என்று தார்சிலேனி கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கிளம்பும்போது எதிவானி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "உங்க கடைல இன்னும் என்னை மாதிரி யாராவது இருப்பாங்க. அவங்களுக்குச் சொல்லுங்க," என்றாள்.

எர்மீனியா ஒரு முழு நாள் அவளோடு பேசவில்லை. விஷயம் போலீசில் எழுத்தாகிவிட்டது, இனி மறைக்க முடியாது என்று வக்கீல் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். "நீயே எழுது. நடந்தத எழுது. என் பேரு போட்டு அனுப்பு," என்றாள். கண் வீங்கியிருந்தது. தார்சிலேனி எழுதினாள்: உங்கள் விவரங்கள் எங்களிடமிருந்து போய்விட்டன, தவறு எங்களுடையது, உங்கள் முகவரி வெளியே தெரிவதால் உங்களுக்கு ஆபத்து என்றால் தயவுசெய்து உடனே எங்களைக் கூப்பிடுங்கள். திருவிழாவுக்கு முந்தைய வாரம் அது எல்லோருக்கும் போனது.

போன் மணி ஓயவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரித் திட்டினார்கள். "தள்ளுபடி இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டவர்களும் உண்டு. ஆனால் நடுநடுவே சில குரல்கள் வந்தன, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற அதே தணிந்த குரல்கள். ஜுராந்திர் அந்த அழைப்புகளில் ஒரு நகைச்சுவையும் பேசவில்லை. எழுந்து வந்து போனைத் தார்சிலேனியிடம் நீட்டுவான். அவள் அந்தப் பெண் அதிகாரியின் நம்பரைக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

அந்த வருஷம் வியாபாரம் படுத்தது. சிரியோ ஊர்வலத்தில் எர்மீனியா வெறுங்காலோடு, மாதா தேரை இழுக்கும் கயிற்றைப் பிடித்து நடந்தாள். எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வருஷம் திரும்பியதும், சர்வர் வேலையை வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதாகத் தார்சிலேனியிடம் சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை. "உன்னப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது, என்ன பண்ணட்டும்?" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஜுராந்திர் வாசல்வரை பெட்டியைத் தூக்கிவந்து, "மானா, உன் மேகத்த விட்டுட்டுப் போற," என்றான். சிரிக்கத்தான் சொன்னான்.

இப்போது தார்சிலேனி பழைய நகர்ப் பகுதியில் படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கிற ஒரு கடைக்கு வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றே முதலாளியிடம், பொருள் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் வீட்டு முகவரியைச் சர்வரிலிருந்து அழித்துவிடப் போகிறேன் என்றாள். "எதுக்கு அழிக்கணும்? அடுத்த தடவ வாங்கினா உதவுமே," என்று அவர் குழம்பினார். "அடுத்த தடவ கேட்டுக்கலாம் சேன்யோர். இல்லாதத யாரும் எடுத்துட்டுப் போக முடியாது," என்றாள். அவருக்குப் பாதி புரிந்தது. மீதியை அவள் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

பயம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது அப்படியேதான் இருக்கிறது. வல்தெனோர் இப்போது கேலி செய்வதில்லை. அவள் திரும்பி வரும்வரை நின்று காத்திருக்கிறான்.

எதிவானி எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று நினைக்காத வாரம் கிடையாது. ஒருநாள், வேலை குறைந்த ஒரு மத்தியானம், அவளை அறியாமலே விரல்கள் இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டிவிட்டன. குடும்பப் பெயர் வரை வந்துவிட்டது. தேடு என்ற இடத்தை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அழுத்தினால் கிடைத்தாலும் கிடைத்துவிடுவாள் என்று தார்சிலேனிக்குத் தெரியும். அவ்வளவு வருஷ வேலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்ஜின் உதிரிபாகம் கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள்.